ஓடுகிறவர்களின் முழங்கால் வலி: எவ்வளவு ஓய்வு, எவ்வளவு ஓட்டம்

ஓடுகிற ஒருவர் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் சுற்றியிருப்பவர்கள் உடனே சொல்வது, "ஓடி ஓடி முட்டி தேஞ்சு போச்சு, நிறுத்திடு" என்பதுதான். கூட ஓடுகிறவர்களிடம் சொன்னால் வேறு மாதிரி வரும்: "போகப் போகச் சரியாயிடும், விடாதே, ஓடு." இரண்டு அறிவுரையும் கெடுதல் செய்கின்றன. முதலாவது நல்ல முழங்காலை உட்கார வைத்துப் பலவீனமாக்குகிறது. இரண்டாவது, சில வாரங்களில் அடங்க வேண்டிய வலியைப் பல மாதங்களுக்கு இழுத்துவிடுகிறது.

முதலில் இந்தத் தேய்மானக் கணக்கை முடித்துவிடுவோம். 2017-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்வு யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பொழுதுபோக்காகவும் உடல்நலத்துக்காகவும் ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் இருப்பவர்களில் 10.2 சதவீதம், தீவிரப் போட்டிகளுக்காக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். முட்டி கெட்டவர்கள் ஓட்டத்தை விட்டிருப்பார்கள், அதனால் எண் குறைந்திருக்கும் என்று ஒரு மறுப்பு சொல்லலாம். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனாலும் சாதாரண அளவில் ஓடுவது முழங்காலை அரைத்துத் தீர்க்கிறது என்ற பேச்சுக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போது மூட்டு நீர் உள்ளே போய் வெளியே வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அசைவும் சுமையும் இல்லாவிட்டால் அது மெலியும்.

அப்படியென்றால் வலிப்பது எது? குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. ஸ்காட் டை என்ற அமெரிக்க எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் தன் முழங்கால்களுக்குள்ளேயே கருவியை விடச் செய்தார். மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து இல்லை, தோலில் மட்டும்தான். உள்ளே ஒவ்வோர் இடமாகத் தொடத் தொட, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்கள். 1998-ல் அது கட்டுரையாக வந்தது. முழங்கால் சில்லின் அடியில் இருக்கும் குருத்தெலும்பைத் தொட்டபோது வலி இல்லை. சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டையும் மூட்டின் உள்சவ்வையும் தொட்டபோதோ தாங்க முடியாத வலி. முட்டி வலி என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி, எரிச்சலுற்றிருக்கும் இந்த மென்திசுக்களிலிருந்தும் குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும் வருவது. எரிச்சல் அடங்கக்கூடியது. இதை நம்பினால்தான் அடுத்து வருவதையெல்லாம் பொறுமையாகச் செய்ய மனம் வரும்.

எரிச்சல் ஏன் வருகிறது என்பதற்கும் டை ஒரு விளக்கம் தந்தார். ஒவ்வொரு மூட்டும் அன்றைய நிலையில் இவ்வளவு சுமை, இத்தனை தடவை தாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. அதற்குள் இருக்கும்வரை வலி இல்லை. அதைத் தாண்டினால் எரிச்சல், எரிச்சல் வந்ததும் எல்லையே சுருங்கிவிடுகிறது. அதனால்தான் 10 கிலோமீட்டரில் ஆரம்பித்த வலி இரண்டு வாரம் கழித்து 3 கிலோமீட்டரிலேயே தலைகாட்டுகிறது, பிறகு மாடிப்படியிலும் வருகிறது.

இந்த எல்லையை மனிதர்கள் தாண்டுவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசை இரண்டு மாதத்தில் தேறும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் எலும்பும் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். ஓட ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆனவருக்கு மூச்சு வாங்குவதில்லை, அதனால் தூரத்தைக் கூட்டுகிறார். முழங்கால் அந்தத் தூரத்துக்கு இன்னும் தயாராகவில்லை. கணக்காகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு 165 அடி வைத்து, கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடுகிறவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 அடி வைக்கிறார், ஒரு காலுக்கு 500. ஐந்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்குத் தாவிய அன்று ஒவ்வொரு முட்டிக்கும் 1,500 அடி கூடுதல். நடக்கும்போது முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே விழும் விசை உடல் எடையில் பாதி. படி ஏறினால் சுமார் மூன்று மடங்கு. ஓடும்போது நான்கைந்து மடங்கும் அதற்கு மேலும் போகும்.

வலி எங்கே, எப்போது

ஸ்கேனுக்கு ஓடுமுன் ஒரு விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டிப் பாருங்கள். ஒரே புள்ளியைக் காட்ட முடிகிறதா, அல்லது சில்லைச் சுற்றி உள்ளங்கையால் தடவித்தான் காட்ட முடிகிறதா? இதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறவர்கள்தான் அதிகம். சில்லுக்குப் பின்னால், சுற்றிலும், மந்தமான வலி. படி இறங்கும்போது, குந்தி உட்காரும்போது, நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போது கூடும். இதைத்தான் ஓட்டக்காரர் முட்டி என்கிறார்கள். சில்லும் தொடை எலும்பும் சேரும் இடத்தின் வலி. வீக்கம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் லேசாக. நறநறவென்று சத்தம் வரலாம். வலி இல்லாத சத்தத்துக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்து படி ஏறுவதை நிறுத்துகிறவர்கள் தொடைத் தசையை இழந்து, இல்லாத வலியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

முட்டியின் வெளிப்பக்கத்தில், மூட்டு மடிப்புக்குச் சற்று மேலே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய கூர்மையான வலி என்றால் அது ஐடி பேண்ட். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முட்டிக்குக் கீழே எலும்பில் சேரும் தடித்த பட்டை அது. இந்த வலிக்கு ஒரு விசித்திரமான ஒழுங்கு உண்டு. முதல் சில கிலோமீட்டர் ஒன்றுமே தெரியாது, குறிப்பிட்ட தூரம் வந்ததும் கத்திபோல் குத்தும், நின்றால் அடங்கும், மறுபடி ஓடினால் உடனே வரும். முட்டி சுமார் 30 பாகை (டிகிரி) மடங்கியிருக்கும்போதுதான் பட்டை எலும்பை ஒட்டி அழுந்துகிறது. இறக்கத்தில் ஓடும்போதும் மெதுவாக ஓடும்போதும் பாதம் தரையில் படுகையில் முட்டி அந்தக் கோணத்தில் அதிக நேரம் நிற்கிறது. அதனால் மெதுவாகப் போனால் வலிக்காது என்ற பொதுப் புத்தி இங்கே எடுபடாது. பலருக்குச் சற்று வேகமாக ஓடும்போதும் ஏற்றத்தில் ஓடும்போதும் வலி குறைவாக இருக்கும். பட்டை எலும்பின் மேல் முன்னும் பின்னும் உராய்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2006-ல் வந்த உடற்கூறு ஆய்வு, பட்டை தொடை எலும்போடு நார்களால் கட்டப்பட்டிருக்கிறது, அது வழுக்குவதில்லை, அடியிலுள்ள கொழுப்புத் திசுவைத்தான் அழுத்துகிறது என்று காட்டியது. வலிக்கும் இடத்திலேயே ஃபோம் ரோலரை வைத்து உருட்டுவது ஏற்கெனவே நசுங்கிய திசுவை மேலும் நசுக்குவதுதான். உருட்டியே ஆக வேண்டுமென்றால் இடுப்பின் பக்கவாட்டுத் தசையிலும் தொடையின் மேல்பகுதியிலும் உருட்டுங்கள்.

சில்லின் கீழ்நுனியில், விரல் வைத்தால் சரியாக அங்கேயே வலித்தால் தசைநாண். காலையில் விறைப்பாக இருக்கும், ஓட ஆரம்பித்ததும் வலி, பத்து நிமிடத்தில் சூடேறியதும் குறையும், மறுநாள் அதிகமாகும். இந்தச் சூடேறினால் குறையும் குணம்தான் ஆட்களை ஏமாற்றுகிறது. குதித்து விளையாடுகிறவர்களுக்கும், வேக ஓட்டப் பயிற்சியைத் திடீரென்று கூட்டியவர்களுக்கும் அதிகம். வெறும் ஓய்வு இதற்கு மருந்தல்ல. ஓய்வில் வலி போகும், நாண் பலமாகாது, திரும்பிய வாரமே வலியும் திரும்பும். சிப்ரோஃப்ளோக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடும்போது நாணில் புது வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

உள்பக்க வலி இரண்டு விதம். மூட்டு மடிப்புக்கு 5 செ.மீ. கீழே, கணைக்கால் எலும்பின் உள்பக்கத்தில் தொட்டால் வலித்தால் அங்கே சேரும் தசைநாண்களும் அவற்றின் அடியிலுள்ள நீர்ப்பையும் காரணமாக இருக்கலாம். மூட்டு மடிப்பிலேயே வலித்து, காலைத் திருப்பும்போது பிடித்து, மறுநாள் வீங்கினால் மெனிஸ்கஸ், அதாவது மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும், எல்லோரும் சவ்வு என்று சொல்வது. பின்பக்க வலிக்குத் தொடைப் பின்தசையின் நாணோ மூட்டு நீர் புடைத்த கட்டியோ காரணமாகலாம்.

ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது. எலும்பில் விழும் நுண்விரிசல். எலும்பின் மேலேயே ஒரு புள்ளியில் அழுத்தினால் வலி, ஓட ஓடக் கூடும், சூடேறினாலும் குறையாது, போகப்போக நடக்கும்போதும், படுத்திருக்கும்போதும்கூட. இதில் "தாங்கிக்கொண்டு ஓடு" என்பது ஆபத்து. இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விழும் விரிசல் இடுப்பில் வலிக்காமல் தொடையிலும் முட்டியிலும் வலியாகத் தெரியலாம். உட்கார்ந்து காலை உள்பக்கமாகத் திருப்பினால் தொடை இடுக்கில் வலி வருகிறதா என்று பாருங்கள், ஒற்றைக் காலில் குதித்துச் சோதிக்காதீர்கள். தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டு ஓடுகிறவர்களுக்கும், மாதவிடாய் நின்றுபோன அல்லது ஒழுங்கு தப்பிய பெண்களுக்கும் எலும்பு விரிசல் அதிகம். எலும்பு ஆற வேண்டுமென்றால் சாப்பாட்டைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

வளரும் பிள்ளைகள் தனி. சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் முன்மேடு புடைத்து வலித்தால் அது பெரும்பாலும் வளர்ச்சிக் கால வலி, அளவைக் குறைத்தால் போதும். ஆனால் முட்டி வலி என்று சொல்லும் பதின்வயதுப் பிள்ளை நொண்டுகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும், அதுவரை நடக்கவும் விடக் கூடாது. இடுப்பில் எலும்பின் வளர்தட்டு வழுக்கும் நோய் முட்டி வலியாகத்தான் பல நேரம் வெளியே தெரிகிறது.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவை: காலைத் திருகிய இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்குவது, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொள்வது, நடக்கையில் மடிந்து விழவைப்பது, காய்ச்சலோடு சூடாகிச் சிவந்த மூட்டு, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பது, இரவில் எழுப்பும் வலி. அடிபட்ட பிறகு நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது முட்டியை 90 பாகை மடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை.

இவை எதுவும் இல்லாதபோது எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. 2020-ல் வந்த ஓர் ஆய்வில் வலியே இல்லாத 115 பேரின் 230 முழங்கால்களை ஸ்கேன் செய்தார்கள். 97 சதவீத முட்டிகளில் ஏதோ ஒரு குறை தெரிந்தது, 30 சதவீதத்தில் சவ்வுக் கிழிசல். ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் அல்ல. நடுவயதில் தானாக நைந்த சவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்வதும், மூட்டுக்குள் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, அறுவை செய்யாமல் செய்ததுபோல் நடிப்பதும் ஓராண்டு முடிவில் ஒரே பலனைத்தான் தந்தன என்று ஃபின்லாந்தில் 146 பேரை வைத்து நடத்தி 2013-ல் வெளியிட்ட சோதனை காட்டியது. முட்டி பூட்டிக்கொள்ளாத நிலையில் "சவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள்.

எவ்வளவு ஓடலாம்

இதுதான் மையம். சில்லு வலி வந்த 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து எட்டு வாரம் நடத்திய சோதனை 2018-ல் வந்தது. ஒரு குழுவுக்குச் சுமையை எப்படிச் சரிசெய்வது என்ற விளக்கம் மட்டும். இன்னொன்றுக்கு அதோடு தசைப் பயிற்சி. மூன்றாவதற்கு விளக்கத்தோடு ஓடும் விதத்தில் மாற்றம். மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. தசைப் பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. சுமையைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் நிற்காது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

அந்த விளக்கத்தின் சாரம் இது. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மனதுக்குள் அளந்துகொள்ளுங்கள். ஓடும்போது 2-ஐத் தாண்டக் கூடாது. ஓடி முடித்த 60 நிமிடத்துக்குள், ஓடுவதற்கு முன் இருந்த அளவுக்கே வலி இறங்கிவிட வேண்டும். மறுநாள் காலை படி இறங்கும்போது முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த அளவு ஓட்டம் உங்கள் முட்டிக்குப் பொருந்துகிறது. ஒன்று தவறினாலும் அடுத்த ஓட்டத்தில் தூரத்தைக் குறையுங்கள், ஓட்டத்தையே விட வேண்டாம். இந்த அளவுகோல் சில்லு வலிக்கு. எலும்பு விரிசல் என்ற சந்தேகம் இருந்தால் இதைப் பயன்படுத்தவே கூடாது, அங்கே பூஜ்யம்தான் எல்லை.

குறைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. இறக்கத்தை முதலில் எடுங்கள், பிறகு வேக ஓட்டத்தை, பிறகு ஒரே நாளின் நீண்ட ஓட்டத்தை. வாரத்தில் 30 கிலோமீட்டர் ஓடுகிறவர் மூன்று நாள் பத்துப் பத்தாக ஓடுவதைவிட ஐந்து நாள் ஆறு ஆறாக ஓடினால் முட்டிக்கு எளிது. பெரும்பாலானவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். நாளைக் குறைத்து, விட்டுப்போன தூரத்தை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஓடித் தீர்க்கிறார்கள்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பழைய விதி எல்லோருக்கும் தெரியும். வாரக் கணக்கைவிட ஒரு நாள் கணக்குதான் முக்கியம் என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. 2025-ல் வெளியான, 5,205 ஓட்டக்காரர்களைத் தொடர்ந்த ஆய்வில், கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 முதல் 30 சதவீதம் வரை அதிகமாக ஒரே நாளில் ஓடியவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 64 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு மடங்குக்கு மேல் தாவியவர்களுக்கு அது 128 சதவீதம். இந்த மாதம் ஒரே நாளில் நீங்கள் அதிகபட்சம் ஓடியது 8 கிலோமீட்டர் என்றால் அடுத்த நீண்ட ஓட்டம் 8.8-ஐத் தாண்ட வேண்டாம். இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தாலும், வெளியூர் போயிருந்தாலும் பழைய அட்டவணையை விட்ட இடத்திலிருந்து பிடிக்காதீர்கள், உடல் அங்கே இல்லை.

தசைக்கு என்ன செய்வது

இடுப்புத் தசை, தொடை முன்தசை, கெண்டைக்கால் தசை மூன்றுக்கும் வேலை கொடுக்க வேண்டும். சில்லு வலிக்கு இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பலப்படுத்துவதுதான் தனியாகத் தொடையை மட்டும் செய்வதைவிட நல்ல பலன் தருகிறது. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி, குறைந்தது எட்டு வாரம், நல்லது பன்னிரண்டு.

படியிறக்கம் எல்லாவற்றிலும் சிறந்தது. 15 முதல் 20 செ.மீ. உயரப் படியின் விளிம்பில் வலிக்கிற காலை வைத்து நின்று, மற்ற காலின் குதிகால் தரையை லேசாகத் தொடும்வரை மூன்று விநாடியில் இறங்கி, மூன்று விநாடியில் ஏறுங்கள். 8 முதல் 10 தடவை, மூன்று சுற்று. கண்ணாடி முன் செய்யுங்கள். முட்டி கட்டைவிரல் பக்கம் உள்ளே சாயக் கூடாது, இடுப்பின் மறுபக்கம் தொய்யக் கூடாது. சாய்கிறது என்றால் படியின் உயரத்தைப் பாதியாக்குங்கள். எண்ணிக்கையை முடிப்பதற்காகக் கோணலாகச் செய்வதில் பயனில்லை.

அதோடு ஒரு காலை முன்னால் வைத்து இறங்கி ஏறும் ஸ்பிளிட் ஸ்குவாட், மல்லாந்து படுத்து ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைச் சற்றுப் பின்னால் வைத்து, கால் விரல்கள் வானம் பார்க்காமல் தூக்குவது. பாதம் மேலே திரும்பினால் வேலை தொடை முன்தசைக்குப் போய்விடும், இடுப்புக்குக் கிடைக்காது. கெண்டைக்காலுக்கு முட்டியைச் சற்று மடக்கியபடி குதிகால் தூக்குவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசை ஓட்டத்தில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது, முட்டியை நீட்டியபடி மட்டும் செய்தால் அதற்குப் போதுமான வேலை கிடைக்காது.

எவ்வளவு கனம் என்பதற்கு ஒரே அளவுகோல்: சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்று தடவைதான் முடியும் என்ற நிலை வர வேண்டும். இருபது முப்பது தடவை அலுப்பில்லாமல் செய்ய முடிகிற பயிற்சியில் பலம் ஏறாது. ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அதே நிறத்தில், அதாவது அதே இறுக்கத்தில், நிற்பவர்களுக்கு வலி போகாததன் காரணம் பெரும்பாலும் இதுதான். பையில் கனத்தைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாவது கூட்டுங்கள்.

ஆரம்பத்தில் வலி அதிகமிருந்தால் கோணத்தில் கவனம் வேண்டும். நின்று செய்யும் ஸ்குவாட்டில் முட்டி நேராக இருப்பதிலிருந்து 45 பாகை மடங்கும்வரை சில்லின் மேல் அழுத்தம் குறைவு, அதற்குக் கீழே போகப்போகக் கூடும். உட்கார்ந்து காலை நீட்டும் ஜிம் மெஷினில் இது தலைகீழ்: 90-லிருந்து 45 வரை எளிது, கடைசி 45 பாகையில்தான் அழுத்தம். இந்தப் பகுதிகளுக்குள்ளேயே முதல் மூன்று நான்கு வாரம் செய்துவிட்டு, வலி 2-க்குள் இருந்தால் முழு அளவுக்குப் போங்கள்.

தசைநாண் வலிக்கு வேறு வழி. முட்டியை 60 பாகை மடக்கி அசையாமல் 45 விநாடி தாங்குவது, ஐந்து தடவை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. சிலருக்கு இது வலியை உடனே தணிக்கும், சிலருக்குத் தணிக்காது. தணிந்தாலும் தணியாவிட்டாலும் அடுத்தது கனமான, மெதுவான பயிற்சி: ஸ்குவாட், லெக் பிரஸ் போன்றவை, மூன்று விநாடி இறக்கம், மூன்று விநாடி ஏற்றம், நான்கு சுற்று. முதல் வாரம் 15 தடவை மட்டுமே முடிகிற கனத்தில் ஆரம்பித்து, பன்னிரண்டாவது வாரத்துக்குள் 6 தடவை மட்டுமே முடிகிற கனத்துக்கு ஏற்ற வேண்டும். செய்யும்போது சற்று வலிக்கலாம், மறுநாளைக்குள் தணிந்தால் போதும். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். சில வாரம் சுகமாக இருக்கும், பிறகு நாண் பலவீனமாகும்.

அடி எண்ணிக்கை

ஓடும் விதத்தில் எதையாவது மாற்றலாம் என்றால் நான் சொல்வது ஒன்றே ஒன்று. நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்டாமல். அடி குட்டையாகும், பாதம் உடலுக்கு அருகில் விழும், முட்டி குறைவாக மடங்கும். 10 சதவீதம் கூட்டினால் சில்லின் மேல் விழும் உச்ச விசை சுமார் 14 சதவீதம் குறைகிறது. அடிகளின் எண்ணிக்கை கூடினாலும் ஒரு கிலோமீட்டருக்கான மொத்தச் சுமை குறையத்தான் செய்கிறது.

வலது பாதம் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 160 வந்தால் இலக்கு 168. எல்லோருக்கும் 180 என்ற பேச்சை விட்டுவிடுங்கள். உயரம், வேகம் பொறுத்து அது மாறும். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் அந்தத் தாளத்தில் ஓடுங்கள். அதற்குள் கெண்டைக்கால் வலிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் இரண்டு நிமிடம். முட்டியிலிருந்து எடுக்கும் சுமை எங்கும் மறைந்துவிடுவதில்லை, ஒரு பகுதி கணுக்காலுக்குப் போகிறது. முன்பாதத்தில் ஓடப் பழகுங்கள் என்று எடுத்தவுடன் சொல்லும் அறிவுரையால் முட்டி வலி போய்க் குதிநாண் வலி வந்தவர்கள் நிறைய. ஐடி பேண்ட் வலி உள்ளவர்கள் கூடவே ஒன்றைப் பாருங்கள்: பின்னாலிருந்து வீடியோ எடுத்தால் இரு பாதமும் ஒரே கோட்டில் விழுகின்றனவா? விழுந்தால் ஓரிரு அங்குலம் அகட்டி வையுங்கள். ஒரு பக்கம் சரிந்த சாலையோரத்தில் எப்போதும் ஒரே திசையில் ஓடுவதையும் தவிருங்கள்.

ஷூ, டேப், ஐஸ், மாத்திரை

ஷூவைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு அதில் விஷயமில்லை. போட்டதும் வசதியாக இருக்க வேண்டும், 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். குதிகால் உயரம் குறைந்த ஷூவுக்கு மாறினால் முட்டிக்குச் சுமை கொஞ்சம் குறையும், குதிநாணுக்குக் கூடும், அதனால் மாற்றத்தைச் சில வாரங்களில் படிப்படியாகச் செய்யுங்கள். சில்லைச் சுற்றி ஒட்டும் டேப்பும் ஷூவுக்குள் வைக்கும் தாங்கியும் முதல் ஆறு வாரம் வலியைக் குறைக்க உதவும், அந்த அவகாசத்தில் பயிற்சி செய்துகொள்ளலாம். ஐஸ் வலியைத் தணிக்கும், வேறெதுவும் செய்யாது. ஓடுவதற்கு முன் இபுப்ரோஃபென் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விடுங்கள். எல்லையைச் சொல்லும் வலியை அது மறைத்துவிடுகிறது, நீண்ட ஓட்டத்தில் உடல் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கும் கேடு.

திரும்ப ஓடுவது

ஓட்டத்தையே நிறுத்த வேண்டிவந்தவர்கள் திரும்புமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். 30 நிமிட வேக நடை வலியில்லாமல் முடிய வேண்டும். படி ஏறி இறங்குகையில் வலி 2-ஐத் தாண்டக் கூடாது. 20 படியிறக்கம் நேராகச் செய்ய முடிய வேண்டும். ஒற்றைக் காலில் 20 தடவை குதிக்க முடிய வேண்டும் (எலும்பு விரிசலாக இருந்தால் டாக்டர் அனுமதித்த பிறகே). இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் இன்னும் இரண்டு வாரம் தசைப் பயிற்சியும் சைக்கிளும் நடையும்தான்.

முடிந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள்: ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து தடவை. இரண்டு முறை தொந்தரவின்றி முடிந்தால் இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, எட்டு தடவை. அடுத்து மூன்றுக்கு ஒன்று, ஆறு தடவை. பிறகு ஐந்துக்கு ஒன்று, ஐந்து தடவை. பிறகு பத்துக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று தடவை. அதன் பிறகே நிற்காமல் இருபது நிமிடம். எந்தக் கட்டத்தில் வலி எல்லை மீறினாலும் ஒரு கட்டம் கீழே இறங்குங்கள், ஆரம்பத்துக்குப் போக வேண்டியதில்லை. தரை சமமாக இருக்கட்டும். மூன்றாவது நான்காவது கட்டத்தில் உடம்பு லேசாகி இன்னும் ஓடலாம் என்று தோன்றும், பெரும்பாலானவர்களுக்கு வலி மீண்டும் வருவது அந்த வாரத்தில்தான்.

நிற்காமல் 30 நிமிடம் ஓட முடிந்த பிறகு முதலில் நாட்களைக் கூட்டுங்கள், பிறகு தூரத்தை, பிறகு வேகத்தை. இறக்கம் கடைசி. அதையும் முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வலி போனதும் எல்லோரும் முதலில் கைவிடுவது படியிறக்கத்தையும் ஸ்பிளிட் ஸ்குவாட்டையும்தான். வாரத்துக்கு ஒரு முறை, அதே கனத்தில் இரண்டு சுற்று செய்தால் சேர்த்த பலம் பெரும்பாலும் குறையாது, இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.